ஆக்சுவலிக்கு நான் இடம் போடாத நாள்

செங்கல்பட்டிலிருந்து காலையில் பீச் ஸ்டேஷனுக்குப் புறப்படும் வண்டியில், பெண்கள் பெட்டியில், ஒரு கர்சீப்புக்கு இருக்கிற மதிப்பு பத்திரம் போட்ட மனைக்குக்கூடக் கிடையாது. காலி வண்டி பிளாட்பாரத்தில் வந்து நின்றதும், ஏறுவதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகக் கையை நுழைத்து இருக்கையில் ஒரு கர்சீப்பைப் போட்டுவிட்டால் போதும். அந்த இடம் அவளுடையது. அவளுடையது என்றால் அவளுக்கு மட்டுமில்லை, அவள் யாருக்காகப் போட்டாளோ அவளுக்கும். அதை நகர்த்திவிட்டு உட்கார்ந்தவள் தாம்பரம் வரைக்கும் ஏச்சு கேட்டுக்கொண்டே போக வேண்டும். சீசன் டிக்கெட் வைத்திருக்கும் எங்களுக்குள் இதற்கு "இடம் போடுவது" என்று பெயர். பதினோரு வருஷமாக எனக்கு இடம் போட்டவள் என் தோழி.

அவள் வீடு மார்க்கெட் தெருவில், அவளுடைய அண்ணன் செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. விடியற்கால பஜர் தொழுகைக்கு எழுந்துவிடுகிறவள் என்பதால் ஸ்டேஷனுக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பாள். நான் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு, ஒரு மாமனாருக்குக் காபி போட்டுவிட்டு, வண்டி கிளம்புகிற நேரத்தில் ஓடி வருவேன். பழகிய முதல் வருஷத்திலேயே நீலக் கட்டம் போட்ட ஒரு கர்சீப்பை அவளிடம் கொடுத்து வைத்தேன். எனக்கு இடம் போடுவதற்கென்றே. அவள் அதைத் தன் கைப்பையின் சின்ன ஜிப்புக்குள் வைத்திருப்பாள். காலையில் இருக்கையில் விரிப்பாள், நான் வந்ததும் எடுத்து மடித்து மறுபடி ஜிப்புக்குள் வைப்பாள். பதினோரு வருஷத்தில் அந்தக் கர்சீப்பால் நான் ஒருநாளும் முகம் துடைத்ததில்லை.

அவளுக்கு மாம்பலத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் கவுண்டர் வேலை. எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். குதிகால் வலியால், வண்டியில் உட்கார்ந்த உடனே செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தடவிக்கொள்வாள். எனக்கு எழும்பூரில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கைடு போடும் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. இங்கிலீஷ் பக்கம் என் பொறுப்பு. காற்புள்ளி ஒன்று இடம் மாறியிருந்தால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடுவேன். வாயைத் திறந்து இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசு என்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். என் தோழிக்கு இது தெரியாது. "எங்க இவ இங்கிலீஷையே திருத்துறவ" என்று பெட்டி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நானும் மறுத்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண் வந்தாள். எங்களைவிடப் பத்து வயது சின்னவள். அப்பாவுக்குக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சியில் உத்தியோகம், டவுன்ஷிப்பிலேயே பிறந்து வளர்ந்தவள், கல்யாணமானதும் அங்கேயே இன்னொரு குவார்ட்டர்ஸ். கல்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் வண்டியைப் பிடித்து, கிண்டியில் இறங்கி ஐடி ஆபீசுக்குப் போவாள். முதல் நாள் என் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை, அது யாருக்கோ போட்ட இடமா என்று கேட்டேன். "ஆக்சுவலி தெரியலக்கா, காலியா இருந்துச்சு, உக்காந்துட்டேன்" என்றாள். அந்த ஆக்சுவலியைச் சொல்லும்போது அவள் புருவம் லேசாக மேலே போய் இறங்கியது. என் தோழி அதைப் பார்த்துச் சிரித்தாள். யாரையும் பார்த்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கே அந்தப் பெண்ணுக்கு மனசுக்குள் பேர் வைத்துவிட்டேன்: ஆக்சுவலி.

பிறகு அந்த வார்த்தையை எண்ண ஆரம்பித்தேன். செங்கல்பட்டு தாண்டிப் பரனூர் வருவதற்குள் மூன்று, சிங்கப்பெருமாள் கோயிலுக்குள் ஆறு. ஆக்சுவலி இன்னைக்கு பஸ்ல செம கூட்டம். ஆக்சுவலி எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, ஆனா உங்க வீட்டுக் கத்தரிக்காய் பிடிக்குது. இது என் தோழியின் டிபன் பாக்ஸைப் பார்த்துச் சொன்னது. அதுவரை அந்தக் கத்தரிக்காயில் பாதி எனக்குத்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது மூன்றில் ஒன்று. ஒரு துண்டு கத்தரிக்காய்க்காக இப்படி வயிறு எரியுமா என்று கேட்பவர்கள் பாக்கியசாலிகள்.

ஒரு மாதத்தில் என் தோழியும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவள் வாயில் அது "ஆக்சுவலா" என்று வந்தது. நம் ஜனங்கள் பாதிப்பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். இங்கிலீஷ்காரனுடைய வாலை நறுக்கிவிட்டு, மெதுவா, வேகமா, நெசமா என்பதில் வருகிற நம்முடைய வாலை ஒட்டவைத்துக்கொள்கிறார்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் ரசித்திருப்பேன். அவளிடம் அதைக் கேட்டபோது, நான் கொடுத்த புடவையை விட்டுவிட்டு வேறு யாரோ கொடுத்த புடவையை அவள் கட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

ஆகாதவளைப் பற்றி ஊரில் விசாரிப்பது போல அந்த வார்த்தையைப் பற்றி விசாரித்தேன். ஆபீசில் தலையணை தடிமனுக்கு அகராதிகள் இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் கதவோர மேஜையில் வைத்துப் புரட்டினேன். பூர்வீகம் லத்தீன். ஓட்டுவது, நடத்துவது, செய்வது என்று பொருள்படும் ஒரு வினைச்சொல்தான் முப்பாட்டன். மாட்டை ஓட்டிப்போவதற்கும் அதே சொல்லாம். அதிலிருந்து "செய்தது" என்று பொருள்தரும் ஒரு சொல், அங்கிருந்து பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்திருக்கிறது. முதலில் அதற்கு "செயலில்" என்றுதான் அர்த்தம். நினைப்பில் இல்லை, பேச்சில் இல்லை, செய்கையில். பிற்பாடுதான் "உண்மையில்" என்று ஆனது. செய்து காட்டியதுதானே உண்மை என்று யோசித்திருப்பார்கள் போலிருக்கிறது. பிரெஞ்சில் இன்றைக்கும் அதன் பங்காளி "இப்போது, தற்சமயம்" என்கிற அர்த்தத்தில்தான் புழங்குகிறது என்று போட்டிருந்தது. மேடையில் நடிப்பவருக்கு இங்கிலீஷில் இருக்கிற பெயரும் அதே வேரிலிருந்து முளைத்ததுதான். அதைப் படித்ததும் எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. நடிப்புக்காரி என்று ஓர் அகராதியே சாட்சி சொல்வதாக எடுத்துக்கொண்டேன்.

பெட்டியில் யார் யார் எப்படிச் சொல்கிறார்கள் என்றும் காது கொடுத்துக் கேட்டேன். ஒருத்தர் சொன்னதை மறுக்க வேண்டும், ஆனால் மனசு நோகக்கூடாது என்றால் அதை முன்னால் போடுகிறார்கள். கேட்ட உதவியைச் செய்ய முடியாது என்பதை அதில் ஆரம்பிக்கிறார்கள். மாமியாரைப் பற்றிய உண்மை அதற்குப் பின்னால்தான் வெளியே வருகிறது. ஒன்றுமே சொல்வதற்கில்லாதபோதும் அதைச் சொல்கிறார்கள், அடுத்த வார்த்தை வந்து சேர்கிற வரைக்கும் அது இடம் போட்டு வைக்கிறது. இத்தனையும் தெரிந்தும், எங்கள் கைடில் அந்தச் சொல் வந்த இடத்திலெல்லாம் "தேவையற்றது" என்று சிவப்பு மையில் அடித்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தை இடிக்கவே கிளம்பிவிட்டேன்.

போன வருஷம் என் தோழிக்கு ஒரு வாய்ப்பு வந்தது. நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, வெளிநாட்டிலிருந்து வருகிற நோயாளிகளைக் கவனிக்கிற மேஜைக்கு ஆள் எடுத்தார்கள். அனுபவம் அவளிடம் இருந்தது, நேர்முகம் மட்டும் முழுக்க இங்கிலீஷில். "உக்காந்து செய்யற வேலைடி" என்று என்னிடம் சொன்னாள். குதிகாலைத் தடவிக்கொண்டே சொன்னாள். சொல்லிக்கொடு என்று என்னிடம்தான் கேட்பாள் என்று காத்திருந்தேன். என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் காத்திருந்தேன். அவள் ஆக்சுவலியிடம் கேட்டாள்.

தினமும் செங்கல்பட்டிலிருந்து கிண்டி வரைக்கும் வகுப்பு நடந்தது. என் தோழி ஜன்னலோரம், நடுவில் ஆக்சுவலி, ஓரத்தில் நான். நான் நடுவிலிருந்து ஓரத்துக்கு எப்போது நகர்ந்தேன் என்று எனக்கே நினைவில்லை. அவள் சொல்லிக்கொடுத்த முறை இதுதான்: கேள்வி புரிந்தாலும் புரியாவிட்டாலும் பதறக்கூடாது. முதலில் "ஆக்சுவலி" என்று சொல்ல வேண்டும், ஒரு மூச்சு எடுக்க வேண்டும், பிறகு பேச வேண்டும். "அது கைப்பிடி மாதிரிக்கா, பிடிச்சிட்டு ஏறிடலாம்." என் தோழி ஏறினாள். தப்பும் தவறுமாக, ஆனால் நிற்காமல், ஒரு நோயாளியை ஸ்கேனுக்கு எப்படித் தயார்செய்வது என்று முழுசாக இங்கிலீஷில் சொன்னாள். எதிர் இருக்கையில் இருந்தவர்கள்கூடக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தோழி பயிற்சிக்காகக் கல்பாக்கம் டவுன்ஷிப்புக்கே போனாள். சாயங்காலம் அவளுடைய ஸ்டேட்டஸில் படம் வந்தது. மாமல்லபுரம் கடற்கரை, மீன் வறுவல் தட்டு, ஒரே மாதிரி கூலிங் கிளாஸ் போட்ட இரண்டு பேர். பதினோரு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கொளவாய் ஏரிக்கரை வரைக்கும்கூடப் போனதில்லை. வண்டி ஜன்னலில் பார்ப்பதோடு சரி. அந்தப் படத்தை ஒன்பது தடவை பார்த்தேன். யார் பார்த்தார்கள் என்று அவளுக்குக் காட்டும் என்பதால், பிடித்திருப்பதாக ஓர் இதயமும் போட்டேன். மறுநாள் நன்றாக இருந்ததா என்று கேட்டதற்கு, வெயில் கொளுத்திவிட்டதாக அவள் சொன்னாள். எனக்கு அது போதவில்லை.

நேர்முகத்தன்று காலையில் அவளிடமிருந்து போன் வந்தது. மகளுக்கு உடம்பு கதகதவென்று இருக்கிறது, மாத்திரை கொடுத்துவிட்டு வருவதால் தாமதமாகும், அதனால் இன்றைக்கு நான் சீக்கிரம் போய் இடம் போட வேண்டும் என்றாள். "மூணு இடம் போடுடி. அவ எம்பக்கத்துல இருக்கணும், பேசிகினே போனாதான் எனக்குத் தெம்பா கீது." பதினோரு வருஷத்தில் அவள் என்னிடம் இடம் போடச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதிலும் பாதி ஆக்சுவலிக்காக.

போய்ப் போட்டேன். ஜன்னலோரம் தண்ணீர் பாட்டில், ஓரத்தில் நானும் என் பையும், நடுவில் என் கர்சீப். வண்டி கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கும்போது பூக்கூடையோடு ஒரு அம்மா வந்து நின்று, நடுவிலே ஆள் வருதா என்று கேட்டார். இரண்டு பேரும் அதுவரை வரவில்லை. நான் கர்சீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"யாரும் வரலம்மா, உக்காருங்க" என்றேன்.

கடைசி நிமிஷத்தில் என் தோழி ஓடிவந்து ஏறினாள். அவள் எங்கே என்று கேட்டாள். காணோமே என்றேன். அப்போதே அவள் போனில் செய்தி வந்தது: ஆக்சுவலி பஸ் லேட், அடுத்த வண்டியில் வருகிறேன், நன்றாகப் பேசுங்கள். எனக்குத் தெய்வமே துணை நிற்பது போலிருந்தது. பூக்கார அம்மா ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள்ள, என் தோழி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி, நீயே கேளு" என்றாள்.

கேள்வி கேட்கத் தமிழே போதுமாக இருந்தது. அவள் ஆக்சுவலா என்று ஆரம்பித்தாள். அதை விடு என்றேன். மறுபடியும் ஆரம்பித்தாள். மறுபடியும் தடுத்தேன். அந்த வார்த்தைக்கு அங்கே வேலையே இல்லை, படித்தவர்கள் அதை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவார்கள் என்றேன். லத்தீனில் ஆரம்பித்து மாடு ஓட்டியதுவரை எடுத்துவிட்டேன். "தெரியாதவங்க சொல்ற வார்த்தைடி அது. நீ சொல்லாதே." அவள் தலையை ஆட்டினாள். இங்கிலீஷையே திருத்துகிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற தலை. தாம்பரம் தாண்டியபோது அவள் பேச்சு குறைந்திருந்தது. மாம்பலத்தில் இறங்கும்போது பேசவே இல்லை.

மறுநாள் நடந்ததைச் சொன்னாள். முதல் கேள்வி சுலபமானதுதான், தற்போதைய வேலையைப் பற்றி. "வாய் வரிக்கும் வந்துச்சு. நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு, முழுங்கிட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணுமே வரலடி. அவங்க தண்ணி குடுத்தாங்க." என்மேல் குறையாக அவள் இதைச் சொல்லவில்லை. தன் மண்டையில்தான் ஒன்றும் ஏறவில்லை என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினாள். அந்த வேலைக்கு வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கடுத்த வாரம் மகளைக் காட்ட அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று என் தோழி லீவு போட்டாள். அன்றைக்கு நானும் ஆக்சுவலியும் மட்டும். நேர்முகத்தன்று பஸ் ரொம்ப நேரமாகிவிட்டதோ என்று அவளிடம் கேட்டேன். இது ஏன் என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. புண்ணைச் சொறிகிற சுகமாக இருக்கலாம். அவள் என்னைப் பார்த்தாள். புருவம் ஏறவில்லை.

"பஸ் லேட் ஆகலக்கா. ஆக்சுவலி நான் பிளாட்பாரத்துல ஜன்னல்கிட்டதான் நின்னேன். நீங்க அந்தப் பூக்காரம்மாகிட்ட சொன்னது கேட்டுச்சு. அடுத்த பெட்டியில ஏறிட்டேன்."

என் தோழியிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். நேர்முகத்துக்குப் போகிறவளிடம் அதைச் சொல்லி மனசைக் கலைக்க வேண்டாம் என்று பட்டதாம். அதற்கப்புறம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் பட்டதாம். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து, இட்லி சாப்பிடுகிறீர்களா அக்கா என்றாள். நான் சாப்பிட்டேன். அவமானத்தில் பசி எடுக்காது என்று சொல்வதெல்லாம் சும்மா.

அன்றைக்குத் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. இங்கிலீஷ் அவளிடம் இருந்தது, கடற்கரை இருந்தது, கூலிங் கிளாஸ் இருந்தது, இப்போது பெருந்தன்மையும் அவளிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. அதை மட்டும் அவளிடம் விட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள் என்கிற நினைப்பே எனக்குப் பொறுக்கவில்லை. என் தோழியிடம் உண்மையைச் சொன்னது அதனால்தான். மனசாட்சி பிற்பாடு வந்து சேர்ந்துகொண்டது.

ஆக்சுவலி வராத ஒரு சனிக்கிழமை பார்த்துச் சொன்னேன். வண்டி ஏரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தமிழில் நாலைந்து வழிகளில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் வாயைத் தாண்டவில்லை. கடைசியில் எந்த வார்த்தையைச் சிவப்பு மையில் அடித்துக்கொண்டிருந்தேனோ, அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏற முடிந்தது.

"ஆக்சுவலா, அன்னிக்கு பஸ் லேட் ஆவலடி. நான்தான் அவளுக்கு இடம் போடல."

முழுவதையும் சொன்னேன். கர்சீப்பை எடுத்ததை, பூக்கார அம்மாவிடம் சொன்னதை, அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டதை. பரனூர் வந்தது, சிங்கப்பெருமாள் கோயில் வந்தது. யார் யாரோ ஏறினார்கள். மறைமலை நகரில்தான் என் தோழி என் பக்கம் திரும்பினாள்.

"இடம் போவட்டும்டி. அந்த வார்த்தைய இன்னாத்துக்குப் புடுங்குன?"

அந்த வார்த்தை எந்த நாட்டிலிருந்து கிளம்பி எந்த வழியாக வந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அது எதற்கு வேண்டியிருந்தது என்பதும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்துதான் எடுத்தேன். மாம்பலத்தில் அவள் போய்வருகிறேன் என்று சொல்லாமல் இறங்கினாள்.

திங்கட்கிழமை நான் வழக்கம்போல் கடைசி நேரத்தில் ஓடி வந்து ஏறினேன். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் ஆக்சுவலி, மூன்றாவது இடத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி. என் தோழி கைப்பையின் சின்ன ஜிப்பைத் திறந்து நீலக் கர்சீப்பை எடுத்து நீட்டினாள். துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்திருந்தது. "இனிமே நீயே போட்டுக்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கு எழும்பூர் வரைக்கும் நின்றுகொண்டு போனேன். எட்டு மணி நேரம் நிற்பது எப்படி இருக்கும் என்று கணக்குப் பார்க்க அந்த ஒன்றரை மணி நேரம் போதுமாக இருந்தது.

இப்போது நான்தான் எல்லாருக்கும் முன்னால் ஸ்டேஷனில் நிற்கிறேன். வீட்டில் ஐந்து மணிக்கே அடுப்பு எரிகிறது. மூன்று இடம் போடுகிறேன். முதல் இரண்டு வாரம் அவர்கள் இரண்டு பேரும் வேறு பெட்டியில் ஏறினார்கள். நான் இரண்டு பக்கமும் காலி இடத்தை வைத்துக்கொண்டு, கிளம்புகிற வரைக்கும் யாரையும் உட்கார விடாமல் ஏச்சு வாங்கினேன். மூன்றாவது வாரம் வந்து உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் என் தோழி, நடுவில் ஆக்சுவலி, ஓரத்தில் நான். கத்தரிக்காய் இன்னும் என் பக்கம் வரவில்லை.

வேறொரு ஆஸ்பத்திரியில் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மறுபடியும் வகுப்பு நடக்கிறது. நேற்று ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அவள் "ஆக்சுவலா" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டு, ஆக்சுவலியைத் தாண்டி எட்டி, என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று தெரிகிற வரைக்கும் பார்த்தாள். அப்புறம்தான் மூச்சு எடுத்துக்கொண்டு மேலே பேசினாள்.